செவ்வாய்ப்பேட்டையில் தங்கவும்

மோகனூர்
12 மே 2024

மதிப்பிற்குரிய மலர்விழி அம்மாவுக்கு,

மோகனூர் ஜெகதீஸ்வரன் எழுதறது. ஞாபகம் இருக்குதுங்களா? மாசி மாசம் காசி டூர்ல ஒரே பஸ்ஸுல வந்தமே. டூர்காரர் நாமக்கல்லுல இருந்தே சமையல்காரரையும் அரிசி மூட்டையையும் ஏத்திட்டு வந்து, கங்கைக் கரையிலயும் நமக்குச் சாம்பார் சோறே போட்டாரு. எல்லாரும் தட்டோட வரிசையில நிக்கறப்ப, எனக்கு வயித்து வலின்னு சொல்லிட்டு நானு சந்துக்குள்ள நழுவிட்டேன். அங்க ஒரு கச்சோரிக் கடை. எனக்கு முன்னாலயே நீங்க அங்க நின்னு சாப்பிட்டுட்டு இருந்தீங்க. "வயித்து வலி இப்பத் தேவலைங்களா?"ன்னு கேட்டீங்க பாருங்க, அந்த ஆளுதான் நானு.

ஊருக்கு வந்து எறங்கறப்ப உங்க போன் நம்பர் கேட்டேன். நீங்க விலாசம் எழுதிக் குடுத்தீங்க. போஸ்ட் ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டையர்டு ஆனவங்க அப்படித்தான் குடுப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன். கடுதாசி எழுதி வருசக்கணக்காச்சு. எழுத்து கோணலா இருந்தாப் பொறுத்துக்கணும்.

சமாச்சாரம் இதுதான். வருசத்துக்கு ஒருக்கா ஏதாவது ஒரு ஊருக்குப் போயித் தங்கி, அந்த ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு வாரது எனக்குப் பழக்கம். என் சம்சாரம் பாப்பாயி இருந்தவரைக்கும் சேர்ந்து போவோம். அது போயி நாலு வருசமாச்சு. மகன் மோகன்குமார் புதுச்சத்திரத்துல கோழிப்பண்ணை பார்க்கறான், தினமும் போயிட்டு வாரான். மருமக சண்முகப்பிரியா நல்ல புள்ளை. ஆனா எனக்குப் பிரஷர்னு டாக்டர் சொன்னதுல இருந்து எங்க ஊட்டுல உப்புங்கற சாமானே இல்லைங்க.

ஊரு ஊராப் போயி நானு கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. எங்க தங்கறமோ அதுதான் சாப்பாடு. பொழுதோட திங்கறதுக்கு ஆட்டோ புடிச்சு எங்க வேணும்னாலும் போயிக்கலாம். காலையில எந்திரிச்சு, மொகத்தைக் கழுவிட்டு, பசியோட நடந்து போயித் திங்கறது இருக்குதே, அது தங்கற தெருவுலதான் கெடைக்கும். இந்தூர்ல தெரியாத்தனமா ஸ்டேஷன் பக்கம் ரூம் போட்டு, இருந்தவரைக்கும் காஞ்ச ரொட்டிதான் வாய்ச்சுது.

இந்த வருசம் ஆடிப் பதினெட்டுக் கழிச்சு ஒரு பத்து நாளு சேலத்துல தங்கலாம்னு இருக்கறேன். எந்தப் பேட்டையில ரூம் போடறதுன்னு நீங்கதான் சொல்லோணும். சேலத்துல உங்களுக்குத் தெரியாத தெரு இருக்காது.

இப்படிக்கு,
ஜெகதீஸ்வரன்


அம்மாபேட்டை, சேலம்
21 மே 2024

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் கடிதங்களைத்தான் கையில் பிடித்திருக்கிறேன். எனக்கென்று வந்தவை இன்சூரன்ஸ் நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும்தான். அதனால் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மேஜைமேல் வைத்திருந்தேன்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஜங்ஷன் பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே சமைக்கிறவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பெட்டியைப் பார்க்கிறார். ரயிலேறப் போகிற ஆள் திரும்பி வந்து குறை சொல்ல மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஐந்து ரோட்டில் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது, ஆனால் கோயம்புத்தூருக்குப் போனாலும் அதே சாப்பாட்டை அதே தட்டில்தான் வைப்பார்கள். ஃபேர்லேண்ட்ஸில் நிழல் உண்டு, அமைதி உண்டு. காலையில் நிறைய பேர் நடப்பார்கள். எல்லோரும் உடம்பைக் குறைக்க நடக்கிறவர்கள். இட்லி தேடி நடக்கிறவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் தங்கவும். மண்டிகளும் வெள்ளிப் பட்டறைகளும் நிறைந்த இடம். சத்தமாக இருக்கும், லாரி நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள் விடியும்போதே வந்துவிடுவார்கள் என்பதால் இட்லிக் கடைகள் அவர்களுக்கு முன்னால் எழுந்துவிடும். அவர்கள் சாப்பிடுகிற கடையில் உப்புக் குறையாது. கறிச்சாற்றைத் தண்ணீர் பதத்தில் மிளகு காரத்தோடு இறக்கித் தோசைமேல் ஊற்றித் தருகிற கடை ஒன்று இருக்கிறது. அந்தச் சாற்றுக்கு இங்கே எசன்ஸ் என்று பெயர். சாயங்காலம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவிக் கொடுப்பார்கள். முழுதாக வாயில் போட வேண்டும். கடித்தால் சட்டை போய்விடும்.

ஒன்று கேட்கிறேன். மோகனூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சேலத்தில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பலாம். பத்து நாள் எதற்கு?

இப்படிக்கு,
மலர்விழி


மோகனூர்
30 மே 2024

மலர்விழி அம்மாவுக்கு,

செவ்வாய்ப்பேட்டைன்னே முடிவு பண்ணிட்டனுங்க. படிக்கறப்பவே எச்சில் ஊறிருச்சு. சண்முகப்பிரியா, "ஏனுங் மாமா, தனியாச் சிரிச்சுக்கறீங்க?"ன்னு கேட்டுச்சு. பேங்குல இருந்து கடுதாசின்னு சொன்னேன். பேங்குக் கடுதாசியைப் படிச்சு ஆராச்சும் சிரிப்பாங்களா? அது ஒண்ணும் கேக்காமப் போயிருச்சு.

பத்து நாளு எதுக்குன்னு கேட்டீங்க. பதில் எழுதிக் கிழிச்சு, எழுதிக் கிழிச்சு, கடைசியில நேராவே சொல்லீர்றதுன்னு உக்காந்திருக்கறேன். பாப்பாயி போனதுக்குப் பொறகு நானு லக்னோ போனேன், கொச்சி போனேன். நல்ல சோறுதான். ஆனா ஒரு வாய் வெச்சுட்டு "இதப் பாரு, எப்படி இருக்குது"ன்னு திரும்பினா, பக்கத்து நாற்காலி சும்மாக் கெடக்கும். அதுக்கப்புறம் உள்ள எறங்காது. காசியில அந்தச் சந்துல நிக்கறப்ப, "கெழங்குல பெருங்காயம் தூக்கலா இருக்குதில்லைங்களா?"ன்னு நீங்க கேட்டீங்க. ஆமா, தூக்கலாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு நானு ரெண்டாவது தட்டு வாங்கித் தின்னேன். அந்த மாதிரித் தின்னு ரொம்ப நாளாயிருந்துச்சு. அதனாலதான் சேலம். தப்பா நெனச்சுக்காதீங்க. நெனச்சாலும் மறைக்காம எழுதீருங்க.

இன்னொரு சந்தேகம். ஊரெல்லாம் சொன்னீங்க, அம்மாபேட்டையைப் பத்தி ஒரு வரி இல்லை. தட்டுவடை செட்டுன்னா அம்மாபேட்டைன்னு எங்க பஸ் கண்டக்டரே சொல்றாரு. மறந்துட்டீங்களா, இல்லை வேணும்னே உட்டுட்டீங்களா?

ஜெகதீஸ்வரன்


அம்மாபேட்டை
11 ஜூன் 2024

ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

அம்மாபேட்டையில் நான் இருக்கிறேன். கீழ்வீட்டில் அண்ணன் பொன்னனின் குடும்பம், மாடியில் நான். தெருவில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் அண்ணனிடம் தறி ஓட்டுகிறவர்கள். வெளியூர்க்காரர் ஒருவர் இங்கே பால் வாங்கினால், அவர் யாரைப் பார்க்க வந்தார் என்பது பால் காய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அப்பா போனபோது எனக்கு வேலை இருந்தது, அண்ணனுக்குத் தறி ஓடவில்லை. பிறகு அவர் பிள்ளைகள் படித்தார்கள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆத்தூர், ராசிபுரம், எடப்பாடி, சங்ககிரி என்று மாற்றல் ஆன ஊரெல்லாம் வாடகை அறையும் ஹோட்டல் சாப்பாடும்தான். எனக்குச் சமைக்கவும் சரியாக வராது. ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்ணை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஃபேமிலி ரூமுக்குப் போங்கள் என்பார்கள். அங்கே போனால், கூட யாரும் வரவில்லையா என்பார்கள். கடைசியில் கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்து மேஜையைக் காட்டுவார்கள். அங்கே உட்கார்ந்து, யாரும் ஏதும் கேட்பதற்குள் அவசரமாகத் தின்றுவிட்டு எழுந்திருக்கப் பழகினேன். ருசியெல்லாம் தெரியும், ஆனால் ஓடிக்கொண்டே தெரிந்துகொண்ட ருசி. காசியில் நீங்கள் சொன்னது உங்களுக்கு நினைவிருக்காது. "மெதுவாச் சாப்பிடுங்க, கடை எங்கயும் போயிராது" என்றீர்கள். அறைக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே தப்பாக நினைக்கவில்லை.

வாருங்கள். செவ்வாய்ப்பேட்டையில் தங்குங்கள். சாயங்காலங்களில் நான் அங்கே வந்து கடைகளைக் காட்டுகிறேன். அம்மாபேட்டைப் பக்கம் மட்டும் வர வேண்டாம். ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்கு இங்கே எல்லா வீட்டிலும் விருந்தாட்கள் இருப்பார்கள். வழக்கமான கண்கள் போதாதென்று அவர்கள் கண்களும் சேர்ந்துகொள்ளும்.

மலர்விழி


அம்மாபேட்டை
22 ஆகஸ்ட் 2024

ஐயா அவர்களுக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுதுவீர்கள் என்று பார்த்தேன். வரவில்லை. நானே எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் அந்த ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். எசன்ஸ் தோசையை முதல் வாய் வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு "காரம்" என்றீர்கள். காரம் இல்லை என்று எனக்குத் தெரியும், உப்பு என்று உங்களுக்கும் தெரியும். கடைக்காரர் நம்மைப் பார்த்து, "அம்மாவுக்கு இன்னொண்ணு போடட்டுங்களா?" என்று உங்களைக் கேட்டார். நீங்கள், "அவங்களைக் கேளுங்க" என்றீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்படிச் சொன்ன மனிதர், மறுவாரம் என்னைக் கேட்காமல் ஏன் இங்கே குடிவந்தீர்கள்? செவ்வாய்ப்பேட்டை அறையைக் காலி செய்துவிட்டு, உங்களுக்குப் பழக்கமான அன்பழகன் வீட்டு மாடி சும்மா கிடக்கிறது என்று, என் தெருவுக்கே பெட்டியோடு வந்துவிட்டீர்கள். காலையில் நான் வழக்கமாகப் போகும் இட்லிக் கடையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "வாங்க, வாங்க, சூடா இருக்குது" என்று பலகை நகர்த்தி இடம் வேறு கொடுத்தீர்கள். கடையே திரும்பிப் பார்த்தது. நான் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கே அண்ணன் மகன் மதன் மாடியேறி வந்தான். நான் தூக்கி வளர்த்த பையன். "அத்தை, யாரு அந்த ஆளு? பசங்க கேக்கறாங்க, என்னால தலை காட்ட முடியலை" என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு முன்பே யோசிக்க வாய்ப்புக் கிடைத்திருந்தால் நல்ல பதிலாகவே சொல்லியிருப்பேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணி சொல்லித்தான் தெரிந்தது. அண்ணன் வந்து உங்களிடம் பேசினார், நீங்கள் உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள் என்று.

எனக்கு எது அதிகம் வலித்தது என்று இத்தனை நாளும் யோசித்தேன். வந்ததும் என்னைக் கேட்காமல் வந்தீர்கள். போனதும் என்னைக் கேட்காமல் போனீர்கள். என் அண்ணன் போகச் சொன்னால் போய்விடுவீர்களா? இந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்டு எதையும் செய்ததில்லை. நீங்களும் அதில் ஒருவர் ஆகிவிட்டீர்கள்.

இனி எழுத வேண்டாம் என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். அப்படி முடிக்கக் கை வரவில்லை. எழுதுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மலர்விழி


மோகனூர்
1 செப்டம்பர் 2024

மலர்விழி அம்மாவுக்கு,

நீங்க எழுதினது அத்தனையும் சரிங்க. திட்டினதுக்குக் கோவமில்லை. நடந்ததைச் சொல்லீர்றேன்.

செவ்வாய்ப்பேட்டையில பொழுதோட வருவீங்க, சேர்ந்து திம்போம், பழமை பேசுவோம், நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க. காலையில எந்திரிச்சா மறுபடியும் ஒத்தை ஆளு. அந்த இட்லி நல்ல இட்லி. ஆனா எனக்கு லக்னோ மாதிரியே இருந்துச்சு. காலைச் சோறும் உங்களோட திங்கோணும்னு ஆசைப்பட்டுட்டேன். பக்கத்துல வந்துட்டாப் போதும்னு பட்டுச்சு. அந்தத் தெருவுல இருக்கறது எனக்குப் பத்து நாளு, உங்களுக்கு ஆயுசுங்கறது மண்டையில ஏறலை.

உங்கண்ணன் சத்தம் போடலைங்க. போட்டிருந்தா நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். வந்து கட்டில்ல உக்காந்தாரு. தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. "ஐயா, நீங்க பெரிய மனுசரு. பொண்ணு புள்ளைங்களைக் கட்டிக் குடுக்கற ஊடு. எங்க தங்கச்சி பேரு கடைத்தெருவுல அடிபடலாங்களா?"ன்னு கேட்டாரு. அப்பறம், "உங்க ஆளுங்களும் எங்க ஆளுங்களும் வேற வேற, உங்களுக்குத் தெரியாததா"ன்னாரு. கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் தலையை ஆட்டிட்டேன். உங்க பேரைக் காப்பாத்தறதா நெனச்சுத்தான் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டறப்பத்தான் உறைச்சுது, உங்களைப் பத்தி நாங்க ரெண்டு ஆம்பளைங்க பேசி முடிச்சுட்டமே, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னு. எறங்கித் திரும்பி வந்திருக்கோணும். வரலை.

இங்கயும் சேதி வந்து சேர்ந்துருச்சு. ஆரோ மோகனுக்குப் போன் பண்ணியிருக்காங்க. அவன் எங்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "சோறு திங்கப் போறேன்னுதானே சொன்னீங்க?" அதுக்கப்புறம் பேசறதில்லை. தட்டு முன்னால வருது, எடுக்கறாங்க. சோறு எறங்கலை. சண்முகப்பிரியா பார்த்துட்டு, மோகனுக்குத் தெரியாம ரசத்துல ஒரு கல்லு உப்புப் போட்டுக் குடுத்துச்சு. அந்தப் புள்ளை முன்னால அழுதுட்டேன்.

நானு எழுதறதா வேண்டாமான்னு என்னையே முடிவு பண்ணச் சொன்னீங்க. எழுதிட்டேன். படிக்கறதா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம். இனிமே உங்களைக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேனுங்க.

ஜெகதீஸ்வரன்


குகை, சேலம்
9 அக்டோபர் 2024

ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு அதுவே காரணம்.

அண்ணன் உங்களிடம் கலங்கினார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். "என்னைப் பத்தி அவருகிட்டப் பேசினீங்களே, எங்கிட்ட ஏன் பேசலை?" என்று கேட்டேன். அண்ணன் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்கிட்ட என்னத்தைக் கேக்கறது, உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்றார். குறை வைக்கவில்லைதான். அண்ணி ஒரு நாள்கூட எனக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்பத் தவறியதில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லோரும் அண்ணனின் விருந்தாளிகள். பண்டிகைக்கு என்ன சமைப்பது என்று என்னை யாரும் கேட்டதில்லை. நான் மாடியில் இருந்தேன், அவ்வளவுதான்.

"தனியா வீடு பார்த்துக்கறேன், அண்ணா" என்றேன். "அந்தாளுக்காகவா?" என்றார். இல்லை என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். நீங்கள் கடிதமே எழுதாமல் விட்டிருந்தாலும் இதைச் செய்திருப்பேன். கொஞ்சம் தாமதமாகச் செய்திருப்பேன், அவ்வளவுதான்.

எங்கே வீடு பார்ப்பது என்று யோசித்தபோது சிரிப்பு வந்தது. உங்களுக்கு அத்தனை பேட்டைகளையும் எடுத்துச் சொன்னவள், எனக்கென்று தேடும்போது திண்டாடினேன். செவ்வாய்ப்பேட்டையில் தங்கலாம், குடியிருக்க முடியாது. நாள் முழுக்க லாரிச் சத்தம். ஃபேர்லேண்ட்ஸில் வீட்டுக்காரர்கள், "கூட யாரு இருப்பாங்க?" என்று கேட்டார்கள். ஹோட்டல்காரர்கள் கேட்ட அதே கேள்வி. குகைப் பகுதியில் இந்த வீட்டுக்கார அம்மா பூபதி மட்டும், "சமைப்பீங்களா, கடையில வாங்குவீங்களா?" என்று கேட்டார். சுமாராகத்தான் சமைப்பேன் என்றேன். "அப்ப முனையில ஆப்பக் கடை இருக்குது, தேங்காய்ப்பால் தனியாக் கேட்டு வாங்கோணும்" என்றார். அங்கேயே சரி என்று சொல்லிவிட்டேன்.

வீடு மாறிய அன்று அண்ணி மட்டும் வந்தார். குடத்தில் தண்ணீரும் மஞ்சளும் உப்பும் கொண்டுவந்து வைத்தார். மதன் அங்கேயே லோடு ஆட்டோவில் பீரோவை ஏற்றிவிட்டான். நான் கிளம்பும்போது, "பல்பு மாத்தணும்னா போன் பண்ணுங்க அத்தை" என்றான். அண்ணன் வரவில்லை.

காலையில் முனைக் கடைக்குப் போகிறேன். உட்கார்ந்து சாப்பிடுகிறேன். மெதுவாகவே சாப்பிடுகிறேன்.

நீங்கள் உப்பில்லாமல் இருக்கிறீர்கள் என்பதற்காக நான் கோபத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. ஆனால் குறைந்துவிட்டது.

மலர்விழி


மோகனூர்
3 நவம்பர் 2024

மலர்விழிங்க,

அம்மான்னு போடலை. நீங்க சரின்னு சொன்னா இப்படியே கூப்புடறேன். இல்லைன்னா மாத்திக்கறேன்.

குகைன்னு விலாசத்தைப் பார்த்ததும் முதல்ல பயந்துட்டேன், என்னாலதான் ஊட்டை உட்டு வெளிய வந்துட்டீங்களோன்னு. எனக்காக இல்லைன்னு நீங்க எழுதினதைப் படிச்சப்பறந்தான் மூச்சு வந்துச்சு. கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு. ரெண்டும் நெசம்.

தீவாளிக்கு மோகனை உக்காரச் சொல்லி எல்லாத்தையும் சொல்லிட்டேன். காசியில ஆரம்பிச்சு உங்க கடைசிக் கடுதாசி வரைக்கும். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டான். "இந்த வயசுல ஊரு சிரிக்காதாப்பா?"ன்னான். சிரிக்கும்னேன். "தோட்டங்காடு எல்லாம் என்னாகும்னு நாலு பேரு கேப்பாங்களே"ன்னான். "உனக்கும் உம் புள்ளைங்களுக்கும்தான், அதுல ஆரும் கை வைக்கலை, அவங்களுக்கு அது தேவையும் இல்லை"ன்னேன். கடைசியா, "அம்மாவை மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டான். அதுதான் அவன் மனசுல இருந்திருக்குது, ரெண்டரை மாசமா.

நானு சொன்னேன், "சாமி, உங்கம்மா கூட ஊரு ஊராத் தின்னவன்டா நானு. அவ பக்கத்துல இல்லைங்கறதாலதான் சோறே எறங்காம இருந்துச்சு. மறந்திருந்தா எந்த நாற்காலியிலயும் உக்காந்து தின்னுட்டு வந்திருப்பேனே"ன்னு. அவன் எந்திரிச்சுத் தோட்டத்துப் பக்கம் போயிட்டான். திரும்பி வந்து சோறு திங்கறப்ப, என் தட்டுக்கு ஊறுகாயை நகர்த்தி வெச்சான். அவ்வளவுதான். இன்னும் சரியாப் பேசலை.

இப்பக் கேக்கறேன், கேட்டுத்தான் வாரேன்னு சொன்னேனில்லைங்களா. ஒரு தடவை சேலம் வரட்டுங்களா? எங்க தங்கச் சொல்றீங்களோ அங்க தங்கறேன். ஜங்ஷன்ல தங்கச் சொன்னாலும் சரி, காஞ்ச ரொட்டி தின்னுக்கறேன். வேண்டாம்னா மோகனூர்லயே இருக்கறேன்.

ஜெகதீஸ்வரன்


குகை
12 நவம்பர் 2024

ஜெகதீஸ்வரனுக்கு,

நீங்கள் 'அம்மா'வை எடுத்துவிட்டதால் நானும் 'அவர்களை' எடுத்துவிட்டேன்.

வாருங்கள். ரூம் போட வேண்டாம். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன், உள்ளறை என்னுடையது. பூபதியம்மாவிடம் சொன்னேன். "யாரு வர்றாங்க?" என்று கேட்டார். நண்பர் என்றால் இந்தத் தெருவில் ஒரு அர்த்தம், சொந்தக்காரர் என்றால் பொய். "எங்க வீட்டுக்கு விருந்தாளி" என்றேன். சொன்ன பிறகுதான் உணர்ந்தேன், என்னைப் பார்க்க, என் வீட்டுக்கு வருகிற முதல் விருந்தாளி நீங்கள்தான். பூபதியம்மா, "அப்ப வெத்தலை வாங்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாலி, ஊர்க்கூட்டம், பத்திரம் பேசுவது எதுவும் இப்போது வேண்டாம். இந்த வயதில் எனக்குக் கிடைத்திருக்கிற வாசற்கதவை நானே திறந்து நானே சாத்திப் பார்க்க ஆசை. எனக்கு வேறு எதுவும் வேண்டும் என்று தோன்றினால் நானே எழுதுகிறேன். உங்களுக்குத் தோன்றினால் நீங்களும் எழுதலாம். எழுதினால் கோபிக்க மாட்டேன்.

பாப்பாயி அவர்களைப் பற்றி மோகன்குமாரிடம் சொன்னதைப் படித்தேன். இங்கே வரும்போது அவரைப் பற்றி எனக்கும் சொல்லுங்கள். எந்த ஊரில் எதைத் தின்றார், எதைத் துப்பினார் என்றெல்லாம். மறைக்க வேண்டியதில்லை.

நேற்று அண்ணன் வந்திருந்தார். வாசலில் நின்றுகொண்டே, "கொசு இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். உள்ளே வந்து உட்காரவில்லை. இன்று மதன் கொசுவலை கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனான்.

வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். பேங்கிலிருந்து கூப்பிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல வேண்டாம்.

மலர்விழி


மோகனூர்
19 நவம்பர் 2024

மலர்விழிங்க,

வாரேனுங்க. வெள்ளிக்கிழமை காலையில கெளம்பறேன். முனைக் கடையில ஆப்பம் தீர்றதுக்குள்ள வந்துருவேன்.

ஊட்டுல சொல்லிட்டேன். சண்முகப்பிரியா பிரஷர் மாத்திரையைத் தனியாக் கட்டிக் குடுத்திருக்குது, உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி. எங்கிட்டக் குடுத்தா முழுங்க மாட்டேனாம்.

மோகன் நேத்து வரைக்கும் வாயைத் தொறக்கலை. இன்னைக்குப் பொழுதோட பண்ணையில இருந்து வந்தவன், செருப்பைக் கழட்டிட்டு எம் பக்கத்துல வந்து உக்காந்தான். அப்பறம் என்னைப் பார்க்காமயே கேட்டான்.

"ஏப்பா, அவங்க முட்டை திம்பாங்களா?"

"எல்லாம் திம்பாங்க"ன்னு சொன்னேன்.

"அப்ப ஒரு அட்டை முட்டை கட்டி வெக்கறேன். பஸ்ஸுல வேண்டாம், ஒடஞ்சுரும். நானே கார்ல கொண்டாந்து உடறேன்"னான்.

ஜெகதீஸ்வரன்